ஒன்பது ஏ எடுத்த பிள்ளை ஏன் தடுமாறுகிறது?

வெல்லாவெளிக்கு அங்கால் ஓர் ஊரிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகள் தரம் 9. வகுப்பில் கணக்குக்கு எப்போதும் 90க்கு மேல். ஊர்ப் பாடசாலை 1சி, அதாவது உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான், விஞ்ஞானமும் கணிதமும் இல்லை. வெளிநாடுகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் என்றே தனிப் பாடசாலைகள் இருக்கின்றனவாம், நம் பக்கம் அப்படி உண்டா? இல்லையென்றால் மட்டக்களப்பு ரவுணில் ஒரு பாடசாலையில் கணிதப் பிரிவுக்குச் சேர்க்க இப்போதே என்ன செய்ய வேண்டும்? ரியூஷனை எப்போது தொடங்குவது? இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, நான் இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். படுவான்கரையிலிருந்து, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலிருந்து, வந்த பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தார்கள். அவர்களை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். 1963இல் மொஸ்கோவில் கொல்மகோரோவ் என்ற பெரிய கணிதவியலாளர் முன்னின்று, தூர இடத்துப் பிள்ளைகளுக்காக விடுதியோடு ஒரு கணித, பௌதிகவியல் பாடசாலை தொடங்கினார். பிள்ளைக்குச் சில கணக்குகளைக் கொடுத்து, எப்படி யோசிக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். நம் நாட்டில் அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது 1ஏபி பாடசாலைகளின், அதாவது உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ள பாடசாலைகளின், கணிதப் பிரிவு. அதற்குத் தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. சாதாரண தரப் பெறுபேறுதான் நுழைவுச் சீட்டு. அதனால் உங்கள் மகளிடம் ஒருவரும் "நீ எப்படி யோசிக்கிறாய்?" என்று வாசலில் நிறுத்திக் கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்வியை உள்ளே போன பிறகு இணைந்த கணிதம் கேட்கும்.

நான் சொல்ல வந்ததே இதுதான். அனுமதி கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. 12ஆம் தரத்தின் இரண்டாம் தவணையைத் தாண்டுவதுதான் கஷ்டம். கணிதத்தில் ஏ எடுத்து வந்த பிள்ளைகள் அந்தத் தவணைப் பரீட்சையில் 20, 25 புள்ளி எடுத்து, வீட்டில் காட்டாமல் கொப்பிக்குள் மடித்து வைத்ததை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் மூன்றாம் தவணைக்குள் கலைக்கோ தொழினுட்பத்துக்கோ மாறிவிடுவார்கள். மாறுவது குற்றமில்லை. விரும்பி மாறினால் சரி, நொந்துபோய் மாறக் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது? சாதாரண தரக் கணித வினாத்தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டாம் தாளில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் ஆறு வினா, ஐந்துக்கு விடை எழுதினால் போதும். ஏ சித்திக்கு 75 புள்ளி. அப்போது பிள்ளை என்ன செய்யும்? கேத்திரகணித நிறுவலைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடும். வட்டித் தவணைக் கட்டணம், பங்குகள், மீடிறன் பரம்பல், வரைபு எல்லாம் வருடா வருடம் ஒரே அச்சில் வருகிறவை. 15 வருடக் கடந்தகால வினாத்தாள் செய்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு செய்யும். ஏ வந்துவிடும். ஆனால் திருப்பிவிட்ட அந்தப் பக்கத்தில்தான் உயர்தரம் இருக்கிறது. நிறுவல், அட்சரகணிதச் சுருக்கல், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஏன் போகிறேன் என்று சொல்லத் தெரிவது, இவை இல்லாமல் இணைந்த கணிதத்தில் ஒரு மாதம் கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அங்கே தூய கணிதம், பிரயோக கணிதம் என்று இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். பத்துச் சிறு வினாவையும் கட்டாயம் செய்ய வேண்டும், பிறகு பெரிய வினா ஏழில் ஐந்து. அச்சில் வார்த்த வினா குறைவு.

ஒரு பிள்ளையின் கதை. பெயர் வேண்டாம். சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்துக்கும் ஏ, அந்த 9 ஏயோடு வந்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் கிழமை கொப்பியைப் பார்க்கிறேன், இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூலம் எடுத்துக் கூட்டியிருக்கிறாள். பிழை என்று சிவப்புக் கோடு போட்டால் திருத்திவிட்டு நாளைக்குத் திரும்பவும் அதையே செய்வாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார வைத்து, "9 சக 16 எத்தனை?" என்று கேட்டேன். 25 என்றாள். "மூலம்?" 5. "உன் முறையில் செய்தால்?" 3 சக 4, 7 என்று எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், "சேர், அப்போ நான் இவ்வளவு நாளும் எழுதினதெல்லாம்?" எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. 9 ஏ எடுத்த பிள்ளை அவள். அவளில் பிழை இல்லை, பயிற்சி கொடுத்த விதத்தில் பிழை.

ஆகவே இப்போது, தரம் 9இல், நீங்கள் பார்க்க வேண்டியது மகளுடைய புள்ளியை அல்ல. இந்தக் கேள்வியை ஒரு பின்னேரம் கேட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று முழு எண்களைக் கூட்டினால் எப்போதும் மூன்றால் மிச்சமில்லாமல் வகுபடுமா? பெரும்பாலான பிள்ளைகள் 1, 2, 3 கூட்டி 6, 4, 5, 6 கூட்டி 15 என்று இரண்டு மூன்று செய்து பார்த்துவிட்டு "ஓம், வகுபடும்" என்பார்கள். "எப்போதும் என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். உங்களுக்கே விடை தெரியாவிட்டாலும் கேட்கலாம். நடு எண்ணைப் பிடித்துக்கொண்டு, ஒன்று அதைவிட ஒன்று குறைவு, மற்றது ஒன்று கூட, இரண்டும் சேர்ந்தால் சமன்படும், ஆகவே கூட்டுத்தொகை நடு எண்ணின் மூன்று மடங்கு என்று எந்த வழியிலாவது சொன்னால் அது கணிதம். அடுத்ததாக, "அப்படியென்றால் அடுத்தடுத்த நான்கு எண்களைக் கூட்டினால் நான்கால் வகுபடுமா?" என்று கேளுங்கள். யோசிக்காத பிள்ளை உடனே ஓம் என்னும். 1, 2, 3, 4 கூட்டினால் 10. வகுபடாது. அந்த இடத்தில் மகளுடைய முகத்தைப் பாருங்கள். எரிச்சல் வந்தால் அவசரப்பட வேண்டாம், பழக்கம் இல்லை, அவ்வளவுதான். "ஏன் மூன்றுக்குச் சரிவருது, நாலுக்கு வருதில்லை?" என்று தானாகக் கேட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்தால், தம்பி, நீங்கள் ரியூஷன் காசைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

தரம் 9, 10 இரண்டு வருடத்திலும் பலப்படுத்த வேண்டியவை அதிகமில்லை. பின்னங்கள், அதுவும் அட்சரகணிதப் பின்னங்கள். காரணிப்படுத்தல். சமன்பாட்டில் எழுவாய் மாற்றுதல். சுட்டி, மடக்கை. கேத்திரகணிதத்தில் ஒவ்வொரு தேற்றத்தையும் படம் கீறி, காரணத்தை அடைப்புக்குறிக்குள் எழுதி நிறுவுவது. அரசாங்கப் பாடநூலில் உள்ள பயிற்சிகளை ஒன்றும் விடாமல் செய்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். அந்தப் புத்தகத்தை ஒருவரும் முழுதாகச் செய்வதில்லை, இலவசமாகக் கிடைப்பதால் மதிப்பில்லை போல. புத்தகம் கிழிந்து போயிருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பிரதி இருக்கிறது. கடந்தகால வினாத்தாளைத் தரம் 11இன் நடுப்பகுதி வரைக்கும் தொட வேண்டாம் என்பது என் பிடிவாதம். அதைத் தொட்ட நாளிலிருந்து பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு அச்சைப் படிக்கத் தொடங்கிவிடும்.

வீட்டில் ஒரு விதி வையுங்கள். ஒரு கணக்கு வரவில்லையென்றால் 20 நிமிடம் விடையைப் பார்க்கக் கூடாது, ஒருவரிடமும் கேட்கக் கூடாது. படம் கீறலாம், சின்ன எண் போட்டுப் பார்க்கலாம், வெட்டலாம், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். 20 நிமிடத்துக்குப் பிறகும் வரவில்லையா, மூடிவிட்டு நாளைக்குப் பார்க்கட்டும். கிழமைக்கு இப்படி இரண்டு கணக்கு போதும். ரியூஷனில் இது நடக்காது. அங்கே சேர் பலகையில் எழுதுவார், பிள்ளை பார்த்து எழுதும், விளங்கினது போல இருக்கும். வீட்டுக்கு வந்து கொப்பியை மூடிவிட்டுச் செய்யச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும்.

ரியூஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஊர்ப் பாடசாலையில் கணித ஆசிரியர் ஒழுங்காக இருந்தால் தரம் 10 முடியும் வரைக்கும் தேவையில்லை. ஆசிரியர் வெற்றிடம் என்றால் பக்கத்து ஊரில் பத்துப் பதினைந்து பிள்ளை இருக்கிற சின்ன வகுப்பாகப் பாருங்கள். ரவுணில் 200 பேர் மண்டபத்தில் மைக் பிடித்து நடக்கும் வகுப்புக்கு ஒன்பதாம் தரப் பிள்ளையை அனுப்புவது பஸ் காசுக்கு நட்டம். "அட்வான்ஸ் கிளாஸ்" என்ற பெயருக்கும் மயங்க வேண்டாம். ஒரு ரியூட்டரியில் தரம் 10 பிள்ளைகளுக்கு எல்லையும் வகையீடும் நடத்தினார்கள். பெற்றோருக்கு ஒரே பெருமை. அந்தப் பிள்ளைகள் பிறகு என்னிடம் வந்தபோது வகையீட்டுச் சூத்திரம் வாயில் பாடமாக இருந்தது. இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால் கை நடுங்கியது.

பௌதிகவியலை மறந்துவிடுகிறோம். கணிதப் பிரிவில் மூன்றில் ஒரு பாடம் அது, இன்னொன்று இரசாயனவியல். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொழினுட்பம் எடுக்கலாம்தான், ஆனால் பொறியியல் பீடத்துக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு அந்த வழி அடைபடும். பௌதிகவியலுக்கு வீட்டில் ஆயத்தம் செய்யலாம், காசே வேண்டாம். ஒரு பழைய பூட்டை நூலில் கட்டி முற்றத்து மாமரக் கிளையில் தொங்க விடுங்கள். முடிச்சிலிருந்து பூட்டின் நடு வரைக்கும் சரியாக ஒரு மீற்றர். மெல்ல விலக்கி விட்டு, போய்த் திரும்பி வருவதை ஒன்றாக எண்ணி, பத்து ஆட்டத்துக்கு போனில் நேரம் பிடிக்கச் சொல்லுங்கள். 20 செக்கன் வரும். இப்போது நூலைப் பாதியாக்கினால் எவ்வளவு வரும் என்று முதலில் மகளிடம் கேட்டுவிட்டுச் செய்ய விடுங்கள். 10 என்பாள். செய்து பார்த்தால் 14 வரும். 10 வர வேண்டுமென்றால் நூலைக் கால் மீற்றராக்க வேண்டும். ஏனென்று நீங்கள் சொல்ல வேண்டாம். பூட்டுக்குப் பதிலாகப் பாரமான வேறொன்றைக் கட்டிப் பார்ப்போமா என்று அவளே கேட்டால், உயர்தர ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கிமானியைக் கையில் கொடுக்கும்போது அந்தப் பிள்ளை பயப்படாது. ஆய்வுகூடத்தையே பார்க்காமல் வரும் பிள்ளைகளுக்குச் செய்முறை வினாக்களில்தான் புள்ளி போகிறது, அறிவில் அல்ல.

சரி, அனுமதி விஷயத்துக்கு வருவோம். சாதாரண தரத்தில் ஆறு பாடச் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி (சி அல்லது அதற்கு மேல்) என்பது உயர்தரத்துக்கான அடிப்படை. கணிதப் பிரிவுக்குக் கணிதத்தில் குறைந்தது சி வேண்டும். இது காகிதத்தில் உள்ள கணக்கு. நடைமுறையில் பெயர் பெற்ற பாடசாலைகள் முதலில் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பார்கள், மிச்ச இடத்துக்குத்தான் வெளியிலிருந்து எடுப்பார்கள், அதற்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றிலும் நல்ல பெறுபேறு பார்ப்பார்கள். இடம் எத்தனை என்பது வருடத்துக்கு வருடம் மாறும். தரம் 11இலேயே ஒரு தரம் நேரில் போய்ப் பாடசாலை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விண்ணப்பம் ஒன்றோடு நிறுத்த வேண்டாம். பெறுபேற்றுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், விளையாட்டுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பிரதி எடுத்து ஒரு கோப்பில் வைத்திருங்கள். நேர்முகத்தன்று போட்டோப் பிரதிக் கடை தேடி ஓடுகிற தகப்பன்மார் வருடா வருடம் இருக்கிறார்கள்.

எந்தப் பாடசாலை? ரவுணில் பெண் பிள்ளைக்கு வின்சன்ட், சிசிலியா என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் உண்டு. வின்சன்ட் 1820இல் தொடங்கியது, மதிப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் ஊரிலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்தால் களுவாஞ்சிக்குடி. அங்கே பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயம் தேசிய பாடசாலைதான், கணிதப் பிரிவும் உண்டு. அங்கிருந்து ரவுண் இன்னும் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். தினமும் போய் வர மூன்று மணித்தியாலத்தைப் பஸ்ஸில் விடுகிற பிள்ளை எப்போது கணக்குச் செய்யும்? மாரி தொடங்கினால் ரோட்டில் தண்ணீர், வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதையும் (மிதவைப் படகு) ஓடாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள், பஸ்ஸை யார் கணக்கெடுப்பது? விடுதியோ நம்பிக்கையான சொந்தக்காரர் வீடோ இருந்தால் ரவுணை யோசியுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பாடசாலை. பெயரை விட, இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்றுதான் நான் கேட்பேன். போன வருடம் படித்த பிள்ளை ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள், அதிபரை விட உண்மையைச் சொல்லும்.

கொழும்புக்கு அனுப்பலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பிள்ளையை வேறு மாவட்டத்தில் படிக்க வைத்தால் எந்த மாவட்டக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதற்கு விதிகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாசிக்காமல் முடிவெடுக்க வேண்டாம். நல்ல வகுப்பைத் தேடிப் போய்க் கோட்டாவை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயர்தரத்தைத் தமிழில் எழுதலாம். ஆனால் மொறட்டுவை என்ன, பேராதனை என்ன, ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் என்ன, உள்ளே போனால் விரிவுரை ஆங்கிலத்தில்தான். தரம் 9இலிருந்து கிழமைக்கு ஒரு பக்கம் விஞ்ஞானத்தை ஆங்கிலப் பாடநூலில் வாசித்தாலே போதும், தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

எல்லாவற்றையும் விட நான் முக்கியமாகப் பார்ப்பது சாதாரண தரம் எழுதி முடிந்த பிறகு வரும் மாதங்கள். சமீப காலத்தில் பெறுபேறு வருமுன்பே உயர்தர வகுப்பைத் தொடங்கியும் விட்டார்கள், ஆகவே அந்த இடைவெளி எவ்வளவு என்று நம்பியிருக்க முடியாது. கிடைக்கிற கிழமைகளில் பிள்ளை இரண்டு கிழமை நன்றாகத் தூங்கட்டும், வெள்ளாமை வெட்டு நேரமென்றால் வயலுக்குச் சாப்பாடு கொண்டு வரட்டும். அதன் பிறகு சாதாரண தரத்தில் விட்டுவிட்டுப் போன நிறுவல்களை எடுத்து ஒவ்வொன்றாகச் செய்யட்டும். தியரி, ரிவிஷன், பேப்பர் கிளாஸ் என்று மூன்றுக்கும் ஒரே நேரத்தில் காசு கட்ட வேண்டியதில்லை. முதல் வருடம் ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்புப் போதும்.

கடைசியாக, மகளிடம் கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அவள் என்ன விரும்புகிறாள் என்று ஒரு வரியும் இல்லை. 90 புள்ளி எடுக்கிற பிள்ளை கணக்கை விரும்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உயிரியல் பக்கம் மனம் போகலாம், 2013இல் வந்த தொழினுட்பப் பிரிவில் பொறியியல் தொழினுட்பம் பிடிக்கலாம். முடிவெடுக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இப்போதைக்கு அந்த மூன்று எண், நாலு எண் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள், சரியா பிழையா என்று வேண்டாம், வாயால் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.